ராமநாதபுரம் கரையில் நிறம் யாருடையது?

ராமேஸ்வரம் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதை அதன் சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிட முடியாது. பணம் போட்டவர் அவர், நிறம் சொன்னது அரசாங்கம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தான் மும்பைக் கடலுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க மீன்பிடிப் படகுகள் மீது கண் திரும்பியது. மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அட்டை வந்தது, படகுப் பதிவு இறுகியது, அப்புறம் கடலோர மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று வகுத்தார்கள். கேரளப் படகுக்கு உடம்பு கருநீலம், கேபின் ஆரஞ்சு. தமிழ்நாட்டுப் படகுக்குப் பச்சை. கடலோரக் காவல்படை விமானத்திலிருந்து கீழே பார்ப்பவருக்குப் பதிவு எண் தெரியாது, படகின் பெயர் தெரியாது. நிறம் தெரியும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெயிண்ட் வேலை மும்முரமாக நடப்பது அப்போதுதான். கரையேற்றிய படகைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, கோட் மேல் கோட் அடிப்பார்கள். பெரிய படகுகளின் நீருக்குக் கீழிருக்கும் பகுதியில் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு தெரியும். அந்தச் சிவப்பையும் யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பாசியும் சிப்பியும் அடிப்பலகையில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் தாமிர ஆக்சைடின் இயல்பான நிறம் அது. ஆக, மேலே அரசாங்கம், கீழே ரசாயனம். நடுவில் சொந்தக்காரருக்கு என்ன மிச்சம்?

மிச்சமிருக்கும் இடத்தில்தான் அவர் பேசுகிறார். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு மஞ்சள் கோடு, கேபின் கதவில் அந்தோணியார், கண்ணாடிக்கு மேல் 786 அல்லது ஓம், மகள் பெயர் நிழல் விழுந்த எழுத்தில், பக்கவாட்டில் ஒரு கட்சிக் கரை. வத்தை, ஃபைபர் போன்ற சின்னப் படகுகளில் இந்த விளையாட்டு இன்னும் தாராளம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் வரிசையில், கரையில் நிற்கும் பெண்கள் எந்தப் படகு யாருடையது என்று தூரத்திலேயே சொல்லிவிடுவது இந்தச் சின்னச் சின்ன அடையாளங்களை வைத்துத்தான்.

நிறம் என்றால் ‘உனக்குப் பிடித்த கலர் எது’ என்று கேட்பதுதான் வழக்கம். இந்தக் கரையில் அந்தக் கேள்வி பாதிதான் உதவும். ஒருவர் மேல், ஒரு சுவர் மேல், ஒரு படகு மேல் இருக்கும் நிறத்தைப் பார்த்தால் நான் கேட்டுக்கொள்வது வேறு: நாளைக்கு இவர் இதை மாற்றிக்கொண்டால் யார் வந்து கேட்பார்கள்? அதிகாரியா, மாமியாரா, ஜமாத்தா, ஊரா, யாருமே இல்லையா? அந்தப் பதிலில்தான் அந்த நிறத்தில் அவருடைய பங்கு எவ்வளவு என்பது தெரியும்.

வீட்டுச் சுவரை எடுத்துக்கொள்வோம். பழைய கடலோர வீடுகள் ஏன் நாலைந்து நிறத்துக்குள் அடங்கிக் கிடந்தன என்பதற்கு, அந்தக் காலத்து ஆட்களுக்கு அடக்கம் அதிகம் என்று சிலர் காரணம் சொல்வார்கள். அது அழகான பேச்சு, அவ்வளவுதான். காரணம் சுண்ணாம்பு. கிளிஞ்சலையும் பவளப்பாறையையும் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்புதான் இந்தக் கரையின் வெள்ளை. சுண்ணாம்பு கடுமையான காரம், பெரும்பாலான செடிச் சாயங்களை அது மாற்றிவிடும், இல்லையென்றால் தின்றுவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் ரத்தச் சிவப்பாகிறதே, அந்த ஆரத்தித் தண்ணீர்தான் இதற்குச் சாட்சி. மஞ்சள் நிறச் சுவர் வேண்டும் என்று மஞ்சளைக் கரைத்து அடிக்க முடியாது. காரத்தைத் தாங்கி நிற்பவை மண்ணிலிருந்து வரும் செங்காவி, மஞ்சள் காவி, அப்புறம் துணிக்குப் போடும் நீலம். அல்ட்ராமரைன் வகை நீலம் சுண்ணாம்பில் கெடாது. அதனால்தான் வெள்ளை, வெளிர்நீலம், வெளிர்மஞ்சள், அடியில் காவிப்பட்டை என்று தெரு முழுக்க ஒரே குடும்பத்து நிறங்களாக இருந்தன. பச்சை வேண்டும் என்றால் கதவுக்கும் ஜன்னலுக்கும் எண்ணெய் பெயிண்டில் வாங்கி அடித்தார்கள்.

அந்த வெள்ளையின் மூலப்பொருளும் கைவிட்டுப் போனது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கல்பவளங்கள் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. பாறையை உடைத்துச் சூளைக்கு அனுப்புவது குற்றமானது. பவளம் தப்பியது ஊருக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள்ளாகவே டிஸ்டம்பரும் எமல்ஷனும் கடைக்கு வந்துவிட்டன. இப்போது ராமநாதபுரம் பஜாரிலும் கீழக்கரையிலும் பெயிண்ட் கடைக்குள் ஒரு கலவை இயந்திரம் இருக்கிறது. வெள்ளை பேஸ் டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாக நிறமியை இறக்கி, ஷேட் கார்டில் காட்டியதைக் கொடுத்துவிடும். ஆயிரத்துக்கும் மேல் நிறங்கள். வேதியியல் போட்ட வேலி விழுந்துவிட்டது.

வேலி விழுந்ததும் என்ன ஆனது? அரபு வளைகுடா நாடுகளில் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடுகள் ஊதா, கிளிப்பச்சை, ரோஸ் என்று எழுந்தன. இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு, ‘கண்ணைப் பறிக்கிறது’ என்பார்கள். அந்த வெயிலில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். வெள்ளை மணல், உப்பு படிந்த காற்று, உச்சி வெளிச்சம் இவற்றுக்கு நடுவே மென்மையான நிறம் வெளுத்த துணியாகத்தான் தெரியும். கடையில் கொஞ்சம் கூடுதலாக அடிக்கிற நிறம் தெருவில் சரியாக இருக்கும். அதோடு வெயிலும் கணக்கில் வரும். பளிச்சென்ற சிவப்பு, ஊதா போன்றவற்றில் சேரும் செயற்கை நிறமிகள் பல புற ஊதாக் கதிரில் சீக்கிரம் வெளிறும். காவி இரும்பு ஆக்சைடு, அது வெளிறாது. அழுத்தமாக அடித்தால் நாளாவட்டத்தில் வெளிறினாலும் நிறம் மிஞ்சும் என்று பெயிண்டர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வீட்டு நிறத்தில் எனக்குப் பிடித்தது வேறு காட்சி. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு. ஒரே திண்ணை, ஒரே ஓட்டுக்கூரை, நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆரஞ்சு, அந்தப் பக்கம் கடல்பச்சை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கிடைக்காத தகவலை அந்தச் சுவர் சொல்லிவிடும். தம்பி தனக்குப் பிடித்த நிறத்தை அடித்தானா, அண்ணன் நிறமாக இருக்கக் கூடாது என்று அடித்தானா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியுமோ என்னவோ. நமக்குப் பிடித்த நிறம் என்று நாம் சொல்வதில் பாதி, பக்கத்துவீட்டுக்காரரின் நிறத்துக்குப் பதில்தான்.

இந்தக் கரை தன் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. மற்றவர்களின் அடையாள நிறங்களையும் காலங்காலமாக இங்கிருந்துதான் ஏற்றி அனுப்பினார்கள். கீழக்கரைச் சங்கைச் சொல்ல வேண்டும். சங்கு குளிப்பவர்கள் எடுத்து வரும்போது அது வெள்ளையாக இருக்காது, உயிருள்ள சங்கின் மேல் பழுப்பாக ஒரு தோல் மூடியிருக்கும். அதை உரித்த பிறகுதான் நாம் பூஜையறையில் பார்க்கும் வெள்ளை வரும். பெரும்பங்கு சங்கு வங்காளத்துக்குப் போனது. டாக்காவிலும் பிஷ்ணுபூரிலும் சாங்காரிகள் என்ற கைவினைச் சமூகத்தார் அதை வளையமாக அறுத்தார்கள். வங்காள இந்துப் பெண் திருமணமானவள் என்பதற்கு வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்புப் பவள வளையலும் ஜோடியாகக் கையில் இருக்க வேண்டும். நம் ஊரில் மஞ்சள் கயிறும் குங்குமமும் செய்யும் வேலையை அங்கே இந்த வெள்ளையும் சிவப்பும் செய்கின்றன. கணவன் இறந்தால் அதை உடைத்துவிடுவார்கள். இங்கே கீழக்கரையில், சங்கை விற்ற வீட்டுப் பெண்ணுக்கோ திருமண அடையாளம் கருகமணி. கறுப்பு மணி கோத்த மாலை. ஒரே வியாபாரத்தின் ஒரு முனையில் வெள்ளை, மறுமுனையில் கறுப்பு, இரண்டுக்கும் அர்த்தம் ஒன்று. நிறத்துக்குள்ளேயே அர்த்தம் ஒளிந்திருக்கிறது என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

சிவப்பும் இங்கிருந்து போனது. மணற்பாங்கான கடலோரத்தில் தரையோடு படரும் இம்பூறல் என்ற சின்னச் செடி, அதன் மெல்லிய வேர்தான் சாயவேர். ராமேஸ்வரம் தீவின் வேருக்குத் தனிப்பெயர் இருந்தது. வேரில் இருப்பது அலிசரின் என்ற சாயப்பொருள். துணியை முதலில் படிகாரத் தண்ணீரில் நனைத்து, பிறகு வேர்ச்சாயத்தில் காய்ச்சினால் சிவப்பு கெட்டியாகப் பிடிக்கும். படிகாரத்துக்குப் பதில் இரும்பு சேர்ந்தால் அதே வேர் கருமை தரும். சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு இன்னும் துலங்கும், கிளிஞ்சல் கலந்த கடற்கரை மண்ணின் வேருக்கு மதிப்பு இருந்தது அதனால்தான். மதுரைச் சாயக்காரர்களின் சிவப்பு இந்த வேரை நம்பியிருந்தது. 1868-ல் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு அதே அலிசரினை ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். ஒன்றிரண்டு தலைமுறைக்குள் வேர் தோண்டும் தொழில் படுத்துவிட்டது. சிவப்பு மலிவானது, எல்லார் வீட்டுக்கும் வந்தது. முகூர்த்தச் சேலைக்கு மட்டும் என்று வைத்திருந்த நிறத்தை அன்றாடம் உடுத்த முடிந்தது. தோண்டியவர்களுக்கு நஷ்டம், உடுத்தியவர்களுக்கு லாபம். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

துணி என்று வந்தால் இந்தக் கரையின் பெரிய மாற்றம் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு நடந்தது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் முஸ்லிம் பெண்கள் வெளியே போகும்போது சேலைக்கு மேல் தலை முதல் கால் வரை போர்த்தியது வெள்ளைத் துப்பட்டி. பழைய ஆட்களிடம் பேசினால் சந்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் பெண்கள் போன காலத்தைச் சொல்வார்கள். வளைகுடா வேலை பெருகிய பிறகு, தைத்த கறுப்பு புர்காவும் அபாயாவும் சூட்கேஸில் வந்தன. மார்க்கச் சொற்பொழிவுகளும் சேர்ந்துகொண்டன. இன்று துப்பட்டியைப் போர்த்திய பாட்டியைப் பார்ப்பது அரிது. மறைப்பது இரண்டும் மறைக்கிறது. வித்தியாசம் வேறு இடத்தில். வெள்ளைத் துப்பட்டி ‘இந்தக் கரையின் முஸ்லிம் பெண்’ என்று சொன்னது. கறுப்பு புர்கா உலகம் முழுக்க ஒன்று, துபாயிலும் அதுதான், சென்னையிலும் அதுதான். ஊர் அடையாளம் குறைந்து உம்மத்தின், அதாவது உலக முஸ்லிம் சமூகத்தின், அடையாளம் கூடியது. சிலருக்கு இது இழப்பு, சிலருக்குப் பெருமை. வெள்ளையைத் துவைத்து நீலம் போட்டுக் காயவைத்த அம்மாக்களில் பலருக்கு நிம்மதி!

கறுப்புக்குள்ளும் பேச்சு நிற்கவில்லை. கை ஓரத்தில் கல் வேலையா எம்பிராய்டரியா, மக்கனா என்ற தலைத்துணி அதே கறுப்பா, சாம்பலா, பழுப்பு ரோஸா, துணி மினுங்குமா மங்கலா, கைப்பை என்ன, செருப்பு என்ன. தெரியாதவருக்கு எல்லாம் ஒரே கறுப்பு. கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் பெண்களுக்கு யார் மருமகள், யார் கல்லூரிக்குப் போகிறவள், யார் வீட்டு ஆள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார் என்பது வரை அதிலேயே தெரியும். துறைமுகத்துப் பச்சையில் பார்த்த அதே கதைதான். மொத்த நிறம் மேலிருந்து வருகிறது, ஓரம் சொந்தமாக இருக்கிறது.

நேர்த்தி நிறங்கள் இன்னொரு வகை, இவற்றுக்குக் காலக்கெடு உண்டு. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்குக் கறுப்பு அல்லது நீலம். தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்களுக்குப் பச்சை, காவி. மேல்மருவத்தூருக்குச் சிவப்பு. அம்மனுக்கு மஞ்சள். வேளாங்கண்ணிக்கு நடக்கும் கத்தோலிக்கர்களும் காவிதான் உடுத்துகிறார்கள். ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்குப் பச்சைக் கொடி, அந்தக் கூட்டத்தில் இந்துக்களும் நிற்பார்கள். இந்த நிறங்கள் உடுத்தியவரைவிடச் சுற்றியிருப்பவர்கள் மேல்தான் அதிகம் வேலை செய்கின்றன. கறுப்பு வேட்டி கட்டியவரை யாரும் குடிக்கக் கூப்பிட மாட்டார்கள், அவரைச் ‘சாமி’ என்பார்கள், அவர் முன்னால் கெட்ட வார்த்தை வராது. தன்னைத் தானே அடக்கிக்கொள்ளப் போதாத ஒரு மனிதனுக்கு ஊரே சேர்ந்து கைகொடுக்கிறது. விரதம் முடிந்ததும் வேட்டியை மடித்து வைத்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கைம்பெண்ணின் வெள்ளைக்கு அந்தக் கெடு கிடையாது. பழைய தலைமுறையில் இந்தக் கரையில் மதம் வேறானாலும் அது பெரும்பாலும் வெள்ளைதான். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் உள்ள ஊர்களில் அது எவ்வளவு இளம் வயதிலேயே வந்து சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது தளர்ந்திருக்கிறது. மீன் விற்கவும், குழுக் கூட்டத்துக்கும், வங்கிக்கும் போகும் பெண்கள் கலர்ச் சேலைதான் கட்டுகிறார்கள். ஆனாலும் அடர் சிவப்பையும் ஜரிகையையும் பலர் தொடுவதில்லை. ‘எனக்குப் பிடிக்கல’ என்பார்கள். அது அவர்கள் ரசனையா, ஊர் வாயை அடைக்க வைத்திருக்கும் பதிலா என்று நாம் துருவிக் கேட்க முடியாது.

நிறத்தை யாருமே படிக்காத ஓர் இடம் இந்தக் கரையில் உண்டு, தண்ணீர். சின்னப்பாலம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, டி-சர்ட் என்று கிடைத்ததைப் போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் பறிக்கிறார்கள். வீட்டுக்காரர் சட்டை, தேர்தலில் கொடுத்த பனியன், மகனின் பழைய யூனிஃபார்ம். கட்சிக் கலர், பள்ளிக் கலர் எல்லாம் அங்கே வெறும் துணி. ஆழம் போகப் போகத் தண்ணீர் முதலில் உறிஞ்சுவதும் சிவப்பைத்தான்.

கடைசியாக, மலிவான நிறம் ஒன்று இருக்கிறது. மணிக்கட்டில் கட்டும் கயிறு. தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறக் கயிறு கட்டி வருவதைப் பற்றி 2019-ல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கையே அனுப்பியது. எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். 2023-ல் நாங்குநேரியில் மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிள் ஆகியவற்றைப் பள்ளிக்குள் தடுக்க வேண்டும் என்று அதில் பரிந்துரை இருந்தது. குளத்தூரோ கடலாடியோ சாயல்குடியோ, தெற்கே எங்கு போனாலும் இந்தப் பேச்சு புதிதல்ல.

மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடச் சுதந்திரமான நிறம் கிடையாது. சில ரூபாய் விலை, யாரும் சட்டம் போடவில்லை, பையன் தானே கடையில் வாங்கித் தானே கட்டிக்கொள்கிறான், ‘என் விருப்பம்’ என்றும் சொல்கிறான். அதே கேள்வியை அவனிடம் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு வேறு நிறம் கட்டி வந்தால்? தன் தெருப் பையன்களிடம் அடி, அந்தத் தெருப் பையன்களிடமும் அடி. படகுக்கு நிறம் சொன்ன அரசாங்கத்திடம் மனுவாவது கொடுக்கலாம்.

பெற்றோர் சொல்லும் நியாயமும் இருக்கிறது. குழந்தை பயந்துகொண்டது என்று கோயிலில் கட்டிவிட்ட கயிறு, தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு, அதையும் அறுத்தெறியச் சொன்னால் எப்படி என்று கேட்கிறார்கள். அறிக்கை வந்தபோது அரசியல் எதிர்ப்பு கிளம்பியதும் நெற்றிக் குறியும் கோயில் கயிறும் சேர்ந்து அடிபடுகிறதே என்றுதான். சிக்கல் உண்மையானது. சிவப்புக் கயிறு சாமிக் கயிறா சாதிக் கயிறா என்பது நூலில் எழுதியிருக்காது, இரண்டும் ஒரே கடையில், ஒரே கண்டிலிருந்து வெட்டிக் கொடுப்பவை. காலையில் கேட்டில் நின்று பார்க்கும் ஆசிரியருக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு நன்றாகவே தெரியும்.